ஒரே சட்டியில் றால் சோறு: முதன்முறை சமைப்பவர்களுக்கு

நடுத்தர அளவு றால் வேக மூன்று நிமிடம் போதும். அரிசிக்கு இருபது நிமிடமாவது வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சட்டியில் போட்டு மூடினால், சோறு பதமாகும் நேரத்தில் றால் றப்பராகிவிடும். அதனால் இந்தச் செய்முறையில் றால் சட்டிக்குள் இரண்டு தடவை போகிறது: தொடக்கத்தில் ஒரு குறுகிய வதக்கல், கடைசியில் சோற்றின் ஆவியில் ஒரு புழுக்கல். மற்ற நேரம் முழுக்கச் சட்டி அரிசிக்கும் றால் தலைக்கும் உரியது.

ஆம், தலைக்கு. சந்தையில் துப்புரவாக்கித் தரச் சொன்னால் தலையையும் கோதையும் அங்கேயே கொட்டிவிடுவார்கள். கேட்டு வாங்கி வாருங்கள். இந்தச் சோற்றின் ருசியில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

நான்கு பேருக்கான அளவு இது. றால் துப்புரவாக்கும் நேரத்தையும் சேர்த்து ஒன்றேமுக்கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

றால், தலையோடு: 750 கிராம் (உரித்தால் ஏறத்தாழ 400 கிராம் வரும்)
கீரிச்சம்பா அல்லது பசுமதி அரிசி: 2 கோப்பை (கோப்பை 250 மில்லிலீற்றர்)
சின்ன வெங்காயம்: 150 கிராம்
உள்ளி 6 பல்லு, இஞ்சி ஒரு பெருவிரல் நுனியளவு, இரண்டும் இடித்தது
பச்சைமிளகாய் 3, நடுத்தரத் தக்காளி 1
வறுத்து இடித்த யாழ்ப்பாணக் கறித்தூள்: 1½ மேசைக்கரண்டி
மஞ்சள்தூள் ½ தேக்கரண்டி, பெருஞ்சீரகம் ½ தேக்கரண்டி, வெந்தயம் ¼ தேக்கரண்டி
கறுவா ஒரு துண்டு, ஏலக்காய் 2, ரம்பை விரல் நீளம், கறிவேப்பிலை 2 நெட்டு
தேங்காய் முதற்பால் (முதலில் பிழியும் கட்டிப்பால்): ½ கோப்பை
நல்லெண்ணெய்: 4 மேசைக்கரண்டி
உப்பு, ஒரு தேசிக்காய்

கறித்தூள் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு உறைப்பு. கடைத்தூள் என்றால் முதலில் ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சூப் கட்டி எதுவும் தேவையில்லை. றால் தலை அவித்த தண்ணீர் இருக்கும்போது அதைப் போடுவது வீண் உப்பு.

சட்டி

அடி தடித்த, இறுக்கமான மூடியுள்ள, 4 லீற்றராவது கொள்ளும் சட்டி வேண்டும். மெல்லிய அலுமினியச் சட்டிதான் இருக்கிறதென்றால், மூடிவைத்து வேகவிடும் கட்டத்தில் அதற்கும் அடுப்புக்கும் நடுவில் பழைய தோசைக்கல் ஒன்றை வையுங்கள். நெருப்பு ஓரிடத்தில் குத்தாமல் பரவும். மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு என்று வைத்திருக்கும் வீடு என்றால் எந்தச் சட்டியை எடுப்பதென்று முதலே கேட்டுவிடுவது நல்லது. றால் மணம் சட்டியை விட்டு லேசில் போகாது.

றால் வாங்கும்போது

யாழ்ப்பாணத்தில் பாசையூர், குருநகர் பக்கம் காலையில் போனால் கடல்நீரேரியில் பிடித்த றால் அன்றன்றே கிடைக்கும். மூன்று இடத்தைப் பாருங்கள். தலையும் உடலும் சேரும் இடம் இறுக்கமாக இருக்கவேண்டும். தூக்கினால் தலை தொங்கி ஆடுவது பழசு. கோது பளபளப்பாக, வழுக்காமல் இருக்கவேண்டும். தலையோரத்தில் கறுப்புப் படரத் தொடங்கியிருந்தால் பிடித்து நேரமாகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கறுப்பு றாலின் சொந்த நொதியங்களால் வருவது, அதற்காக உடனே கெட்டுவிட்டதென்று சொல்லமுடியாது. ஆனால் அப்படிப்பட்ட தலையை அவித்தால் தண்ணீர் நன்றாக வராது. அமோனியா மணம் அடித்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

மிகப் பெரிய றால் இதற்குத் தேவையில்லை. சுட்டுவிரல் நீளத்தில் இருப்பது போதும். சோற்றோடு ஒரே வாயில் போகும்.

துப்புரவாக்குவது

அதற்கு முன் அரிசியை மூன்று தண்ணீரில் கழுவி ஊறப்போட்டுவிடுங்கள். கீரிச்சம்பா 30 நிமிடம், பசுமதி 20 நிமிடம். பிறகு வடியில் கொட்டி நன்றாக வடியவிடவேண்டும். அரிசியோடு ஒட்டிவரும் தண்ணீர் உங்கள் அளவுக்குள் வராத தண்ணீர்.

றாலின் தலை முனையில் வாள் மாதிரி ஒரு முள் இருக்கிறது, கையைக் குத்தும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுத் தலையைத் திருகி எடுங்கள். வயிற்றுப் பக்கத்தில் கால்களைப் பிடித்து இழுத்தால் கோது சுற்றி வந்துவிடும். முதுகில் மெல்லிய கீறல் போட்டுக் கறுத்த குடலைக் கத்தி நுனியால் இழுத்து எடுங்கள். விட்டால் மண் கடிபடும். கீறல் ஆழமாகப் போனால் வதக்கும்போது றால் இரண்டாகப் பிளந்துகொள்ளும்.

உரித்த றாலை ஒருதடவை கழுவி, வடித்து, ½ தேக்கரண்டி உப்பும் பாதி மஞ்சளும் ½ தேக்கரண்டி கறித்தூளும் பிரட்டி வையுங்கள். இப்போது தேசிக்காய் விடவேண்டாம். புளிப்பில் ஊறினால் அடுப்புக்குப் போகமுன்னரே தசை இறுகத் தொடங்கிவிடும்.

தலைத் தண்ணீர்

சட்டியில் 1 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுச் சூடானதும் தலை, கோது எல்லாவற்றையும் கொட்டி நடுத்தர நெருப்பில் நான்கைந்து நிமிடம் வதக்குங்கள். சாம்பல் நிறம் போய்ச் செம்மஞ்சளாகும். றாலின் கோதில் அஸ்டசாந்தின் என்ற நிறப்பொருள் புரதத்தோடு பிணைந்து கிடக்கிறது. சூட்டில் பிணைப்பு விட்டதும் நிறம் வெளிவருகிறது. அது எண்ணெயில் கரைவது. நேரே தண்ணீரில் போட்டு அவிப்பதைவிட எண்ணெயில் வதக்கியபின் தண்ணீர் விட்டால் நிறமும் மணமும் கூட வருவதற்குக் காரணம் அதுதான்.

அகப்பையால் தலைகளை நசுக்கிவிட்டு 5 கோப்பை தண்ணீர் விடுங்கள். கொதித்ததும் நெருப்பைக் குறைத்து 15 நிமிடம். மேலே திரளும் நுரையை எடுத்துவிடுங்கள். 20 நிமிடத்தைத் தாண்டவிடவேண்டாம், கோதின் கசப்பு இறங்கும். வடியில் ஊற்றி, சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழிந்தபின் தண்ணீரை அளந்து பாருங்கள். கீரிச்சம்பாவுக்கு 3½ கோப்பை வேண்டும், பசுமதிக்கு 2½. குறைந்தால் சுடுதண்ணீர் சேர்த்து நிரப்புங்கள். கூடினால் மிச்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், பின்னால் தேவைப்படலாம். சக்கையைத் தென்னையடியில் தாட்டுவிடுங்கள். குப்பை வாளியில் கிடந்தால் அடுத்த நாள் வீடே நாறும்.

தலையில்லாத உறைந்த றால்தான் கிடைத்ததா? இரவே பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, தண்ணீரை ஒற்றி எடுத்துவிடுங்கள். தலைத் தண்ணீருக்குப் பதிலாகத் தேங்காயின் இரண்டாம் பாலை அதே அளவில் விடலாம். கைவசம் காய்ந்த கூனி (மிகச் சிறிய றால்) இருந்தால் ஒரு மேசைக்கரண்டி வறுத்து இடித்துச் சேருங்கள். முழு ஈடாகாது, ஆனாலும் வெறும் தண்ணீரைவிட எவ்வளவோ மேல்.

சமையல்

சட்டியைத் துடைத்து 2 மேசைக்கரண்டி எண்ணெய் விடுங்கள். எண்ணெய் நன்றாகச் சூடேறியதும் றாலை இரண்டு தடவையாகப் பிரித்துப் போட்டு, ஒரு பக்கம் 45 விநாடி, மறுபக்கம் 45 விநாடி, அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் சட்டி சூடாறி, றால் தண்ணீர் விட்டு, வதங்காமல் அவியும். வெளியே சிவந்து நடுவில் இன்னும் கண்ணாடி போலத் தெரியும்போதே எடுத்துத் தட்டில் வையுங்கள். கொஞ்சம் பச்சையாக இருக்கிறதே என்ற பயத்தில் இன்னும் ஒரு நிமிடம் விடத் தோன்றும். விடவேண்டாம், மிச்சத்தைச் சோறு பார்த்துக்கொள்ளும்.

மிச்ச எண்ணெயை விட்டு வெந்தயம், பெருஞ்சீரகம், கறுவா, ஏலக்காய். வெந்தயம் பொன்னிறமானவுடன் வெங்காயம், பச்சைமிளகாய், ரம்பை, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை. வெந்தயம் கறுத்தால் கசக்கும், ஆகவே வெங்காயத்தை முதலே வெட்டிக் கையெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். வெங்காயம் ஓரம் சிவக்க ஆறேழு நிமிடம் பிடிக்கும். பிறகு இஞ்சி உள்ளி ஒரு நிமிடம், தக்காளி கரையும்வரை மூன்று நிமிடம். சட்டியின் அடியில் றால் பிடித்த பழுப்பைத் தட்டகப்பையால் சுரண்டிக் கலந்துவிடுங்கள், அது ருசி.

நெருப்பை நன்றாகக் குறைத்து மீதித் தூளையும் மஞ்சளையும் போடுங்கள். யாழ்ப்பாணத் தூள் ஏற்கெனவே வறுத்தது. சூட்டெண்ணெயில் மிக விரைவில் தீயும். 30 விநாடி பிரட்டியதும் ஒரு கரண்டி தலைத் தண்ணீர் தெளித்துவிடுங்கள். தீய்ந்த மணம் வந்துவிட்டால் ஒளிக்க வழியில்லை. சட்டியைக் கழுவி வெங்காயத்திலிருந்து திரும்பத் தொடங்குவதுதான் ஒரே வழி, அதற்கு ஒரு கால்மணித்தியாலம்தான் போகும்.

வடித்த அரிசியைப் போட்டு இரண்டு நிமிடம் மெதுவாகப் பிரட்டினால் ஒவ்வொரு மணியிலும் எண்ணெய் பூசிக்கொள்ளும். அளந்த தலைத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க விடுங்கள். உப்பு 1½ தேக்கரண்டி. கலக்கி, ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள்: குழம்பாகச் சாப்பிட்டால் உப்பு ஒரு பொட்டுக் கூட என்று தோன்றவேண்டும். அரிசி உறிஞ்சியபின் சரியாகிவிடும். சோறு வெந்தபின் மேலே தூவும் உப்பு மணிக்குள் போகாது.

கொதி வந்து தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கியதும் மூடி, நெருப்பை அடுப்பு தரும் ஆகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். கீரிச்சம்பாவுக்கு 12 நிமிடம், பசுமதிக்கு 8. இதற்குள் கரண்டி போடவேண்டாம். கிண்டினால் அரிசி உடைந்து மாவு வெளிவரும், சோறு களியாகும்.

திறந்து பாருங்கள். மேற்பரப்பு குழி குழியாக, தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் முதற்பாலைச் சுற்றிவர ஊற்றி மூடி 3 நிமிடம். முதற்பால் இவ்வளவு பிந்தி வருவதற்குக் காரணம் உண்டு: தொடக்கத்திலேயே விட்டால் கொதியில் திரிந்து எண்ணெய் பிரியும், அடியிலும் பிடிக்கும். பிறகு றாலைத் தட்டில் ஊறிய சாற்றோடு மேலே பரப்பி, சோற்றுக்குள் பாதி புதையும்படி அழுத்தி மூடுங்கள். ஆகக் குறைந்த நெருப்பில் 2 நிமிடம், நிறுத்தி 8 நிமிடம். இந்த எட்டு நிமிடத்தில் மூடியைத் தூக்கிப் பார்த்தால் றாலை வேகவைக்கவேண்டிய ஆவி போய்விடும்.

பெரிய றால் ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். நடுவரை வெள்ளையாக, வளைந்து பிறை போல இருந்தால் பதம். வளையமாகச் சுருண்டிருந்தால் கூடிவிட்டது. நடுவில் இன்னும் கண்ணாடியாக இருந்தால் மூடி 2 நிமிடம் மெல்லிய நெருப்பு. இனி மிச்சக் கறிவேப்பிலையைக் கிள்ளிப்போட்டு, அரைத் தேசிக்காய் பிழிந்து, முள்ளுக்கரண்டியால் ஓரத்திலிருந்து கிளறுங்கள். தேசிப்புளி அடுப்பில் கொதித்தால் மணம் போய்க் கசக்கும், அதனால்தான் கடைசியில்.

பிழைத்தால்

மேலே அரிசி நறுக்கென்று இருந்தால் எடுத்து வைத்த தலைத் தண்ணீரில் கால் கோப்பையைச் சுடவைத்துத் தெளித்து, மூடி 5 நிமிடம் மெல்லிய நெருப்பு. இதை றால் போடமுன் சோதித்துவிடுங்கள்; றால் உள்ளே போனபின் அரிசியைத் திருத்தப்போனால் றால் கெடும்.

ஈரமாகக் குழைந்து நின்றால் மூடிக்கு அடியில் பருத்தித் துணியொன்றை விரித்து (நுனி நெருப்பில் படாமல் மேலே மடித்து) 10 நிமிடம் விடுங்கள். ஆவியைத் துணி குடிக்கும். அடுத்தமுறை அரை கோப்பைத் தண்ணீரைக் குறையுங்கள்; உங்கள் அரிசி புது அரிசியாக இருக்கலாம், அதற்குத் தண்ணீர் குறைவாகத்தான் வேண்டும்.

அடிப்பிடித்த மணம் வந்தால் கிண்டாதீர்கள், சுரண்டாதீர்கள். மேற்சோற்றை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிச் சில நிமிடம் திறந்து வைத்தால் பெரும்பாலும் தப்பிவிடும்.

குத்தரிசியில் செய்யலாமா என்றால் செய்யலாம், ஆனால் முதல் தடவைக்கு வேண்டாம். 1 கோப்பைக்கு 3 கோப்பைத் தண்ணீரும் 40 நிமிடமும் கேட்கும். கறித்தூள் அடியில் அவ்வளவு நேரம் கிடந்தால் பிடிக்காமல் காப்பது கஷ்டம். ரைஸ் குக்கரில் செய்பவர்கள் வதக்கல் எல்லாவற்றையும் தாச்சியில் முடித்து மாற்றி, ஆழி (சுவிட்ச்) மேலே தட்டியபின் முதற்பாலையும் றாலையும் சேர்த்து 12 நிமிடம் மூடிவிட்டால் சரி.

பக்கத்துக்கு வெங்காயத் தயிர்ப் பச்சடி, பொரித்த மோர்மிளகாய், அப்பளம். குழம்பு தேவையில்லை.

விருந்தாளி யாராவது வந்தால் றால் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டே பரிமாறுங்கள். ஒவ்வாதவர்களுக்கு றாலைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டுச் சோற்றைக் கொடுப்பதும் ஆகாது, தலைத் தண்ணீர் முழுச் சோற்றிலும் இருக்கிறது.

மிஞ்சினால் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் பிரிஜ்ஜில் வையுங்கள். இரவு முழுக்கச் சட்டியோடு மேசையில் கிடந்த சோற்றைக் காலையில் சூடாக்கினாலும் அதற்குள் கிருமி விட்ட நஞ்சு போகாது. அடுத்த நாள் றாலைப் பொறுக்கித் தனியாக வைத்து, சோற்றுக்கு இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மூடி ஆவி பறக்கச் சூடாக்கி, கடைசி இரண்டு நிமிடம் றாலைச் சேர்த்து அதுவும் உள்ளே வரை கொதிசூடானதும் இறக்குங்கள். ஒரு தடவைதான் சூடாக்கலாம்.