கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் ஊரில் கூடும்போது: பிள்ளைகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை, நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கங்களில் டிசம்பர் கடைசி வாரம் ஒரே வீட்டில் இருபது பேர் படுத்தெழுவது புதிதல்ல. சென்னையிலிருந்து சித்தப்பா குடும்பம், பெங்களூருவிலிருந்து அத்தை குடும்பம், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த மாமா என்று வீடு நிறைந்துவிடும். பெரியவர்களுக்கு ஆளுக்கொரு திட்டம் இருக்கும். பத்து வயதுக்குக் கீழே உள்ள கூட்டத்துக்கு ஒரே திட்டம்தான்: சித்தப்பா பிள்ளைகளோடும் அத்தை பிள்ளைகளோடும் விளையாடுவது. அந்த நாட்களின் அழுகையும் சண்டையும் பெரும்பாலும் இதற்குக் குறுக்கே நாம் புகுவதால் வருகின்றன.

எல்லாவற்றையும் 25ஆம் தேதிக்குள் அடைக்கப் பார்ப்பதுதான் பெரிய தவறு. 24ஆம் தேதி காலை ரயிலில் வந்து இறங்கிய பிள்ளையை அன்று மாலையே கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போகிறோம். இரவு கோவில், விடிந்ததும் உறவினர் வீடுகள், மதியம் பிரியாணி, மாலையில் பரிசு. கத்தோலிக்க வீடென்றால் நள்ளிரவுத் திருப்பலி, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடென்றால் விடியற்காலை ஆராதனை. எதுவானாலும் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பாதித் தூக்கம் போய்விடும். 25ஆம் தேதி பிற்பகலில் எந்தக் காரணமும் இல்லாமல் அது தரையில் புரண்டு அழுதால், அது பிடிவாதம் இல்லை, அசதி. நள்ளிரவுப் பூசைக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் 24ஆம் தேதி மதியம் கட்டாயம் தூங்க வையுங்கள். இல்லையென்றால் 25ஆம் தேதி காலைத் திருப்பலிக்குச் சிறியவர்களை ஒரு சித்தியோ மாமாவோ கூட்டிப்போகட்டும். ஆச்சியைத் தவிர யாரும் குறை சொல்லப்போவதில்லை.

கத்தோலிக்கத் திருவழிபாட்டின்படி கிறிஸ்துமஸ் காலம் அன்றோடு முடிவதுமில்லை. டிசம்பர் 28, ஏரோது மன்னன் கொன்ற பச்சிளம் பிள்ளைகளை நினைவுகூரும் மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஜனவரி 6 மூன்று அரசர்கள் திருநாள். பரிசு கொடுப்பதையோ பிள்ளைகளுக்கான சிறு விருந்தையோ 28ஆம் தேதிக்குத் தள்ளி வைத்தால் இரண்டு நாட்களும் நன்றாக இருக்கும். எந்தச் சபையைச் சேர்ந்த வீடானாலும் இதைச் செய்யலாம்.

அடுத்து, பரிசுகள். எல்லோர் முன்னாலும் ஒரே நேரத்தில் பிரிக்க வைப்பதில்தான் வினை தொடங்குகிறது. மாமா தன் தங்கை மகனுக்கு ரிமோட் கார் வாங்கி வந்திருப்பார். அதே வயது அண்ணன் மகளுக்கு வண்ணப் பென்சில் பெட்டி. பெரியவர்கள் விலையை மறைக்கலாம். பெட்டியின் அளவை மறைக்க முடியாது. வருவதற்கு முன்பே பெரியவர்கள் போனில் ஒரு தொகையைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. கூடுதலாக ஏதாவது கொடுத்தே தீர வேண்டுமென்றால் ஊருக்குத் திரும்பும்போது பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: விளக்கெரியும் தொப்பி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் செயற்கை மெழுகுவர்த்தி ஆகியவற்றில் பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். தவழும் பிள்ளை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதை வெந்துவிடக்கூடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பேட்டரி மூடியில் திருகாணி இல்லாத பொருளைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு வாங்கவே வேண்டாம்.

பலகாரம் சுடும் நேரத்தில் பிள்ளைகளை "அந்தப் பக்கம் போ" என்று விரட்டுவதையும் தவறு என்றுதான் சொல்வேன். முந்திரிக்கொத்துக்கும் அச்சுமுறுக்குக்கும் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் யாரும் வரக்கூடாது, சரி. வெல்லப்பாகு சூடாக இருக்கும்போதே பயற்றமாவை உருட்ட வேண்டியிருப்பதால் அதுவும் சிறு கைக்கு ஆகாது. ஆனால் கல்கல் பிள்ளைகளுக்கென்றே அமைந்த வேலை. பிசைந்த மாவில் சுண்டைக்காய் அளவு எடுத்து, முள்கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்துச் சுருட்டினால் வரிவரியாகச் சிறு சங்கு மாதிரி வரும். கரண்டி போதாத வீட்டில் புதுச் சீப்பைக் கழுவி வைத்துக்கொள்வார்கள். நடுக்கூடத்தில் செய்தித்தாளை விரித்து, ஒரு தட்டு மாவைக் கொடுத்து உட்கார வைத்தால் ஏழெட்டுப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் அசைய மாட்டார்கள். கோணல்மாணலாக வந்ததைத் திருத்தாதீர்கள். எண்ணெயில் போட்டால் அதுவும் பொரியத்தான் செய்யும்.

குடிலும் அப்படித்தான். மாமா அழகாகச் சோடித்துவிட்டு "தொடாதே" என்று காவல் நிற்பது வீண் வேலை. மூன்று வயதுக் குழந்தை ஆட்டுக்குட்டியை எடுக்கத்தான் செய்யும். மண் சுரூபங்களைப் பின்வரிசையில் வைத்து, முன்னால் உடையாத பொம்மை ஆடுமாடுகளை விட்டுவிடலாம். முன்கூட்டியே வந்துவிடும் பிள்ளைகள் இருந்தால், குடில் புல்லுக்காகக் கேழ்வரகு விதைக்கும் வேலையை அவர்களிடம் ஒப்படையுங்கள். ஒரு வாரத்தில் பச்சை பிடித்துவிடும்.

இனி, சிரித்துக்கொண்டே நாம் செய்கிற ஒரு தவறு. அத்தை மகனும் மாமன் மகளும் ஒன்றாகக் கல்கல் உருட்டிக்கொண்டிருப்பார்கள். யாராவது ஒரு பெரியப்பா வந்து, "என்ன, இப்போதே மாப்பிள்ளையோடு சேர்ந்து சமையலா?" என்பார். கூடம் சிரிக்கும். ஆறு வயதுப் பெண் கையிலிருந்த மாவை வைத்துவிட்டு எழுந்து போவாள். அதற்குப் பிறகு அந்த விடுமுறை முழுவதும் அவனருகே உட்கார மாட்டாள். நம் முறைப்பேச்சில் இது சாதாரணக் கேலி என்று வாதாடுவார்கள். பிள்ளைகளுக்கு அது அப்படிக் கேட்பதில்லை. ஒரு விளையாட்டுத் தோழனை நாம் பறித்துவிடுகிறோம், அவ்வளவுதான். இதைத் தாய் தகப்பன் நேரடியாகத் தடுத்தால் மனத்தாங்கல் வரும். தாத்தாவிடமோ ஆச்சியிடமோ முன்பே சொல்லி வைத்தால், "சும்மா இரு, பிள்ளைகள் விளையாடட்டும்" என்ற ஒரே அதட்டலில் முடியும்.

அரையாண்டுத் தேர்வு அப்போதுதான் முடிந்திருக்கும். மதிப்பெண் விசாரணையை ஜனவரிக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லோர் முன்னாலும் நிறுத்தி "வசனம் சொல்லு, பாட்டுப் பாடு" என்பதும் வேண்டாம். கூச்சப்படும் பிள்ளைக்கு அது தண்டனை. முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கண்டு அலறும் குழந்தையை அவர் மடியில் திணித்துப் படம் எடுப்பதைப் பற்றி என்ன சொல்ல!

கலப்புக் குடும்பங்களில் கூடுதல் கவனம் தேவை. இந்துவான மருமகளின் அண்ணன் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு வருவது இப்போது சகஜம். நெற்றிப் பொட்டைப் பற்றியோ ஜெபம் சொல்லத் தெரியாதது பற்றியோ யாரும் வாய் திறக்கக்கூடாது. சபரிமலை மண்டல விரதமும் டிசம்பர் கடைசி வாரத்தில்தான் நிறைவடைகிறது. மாலை போட்டவரோ அவரோடு வரும் சிறுவர்களோ உங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள் என்றால், ஆட்டுக்கறி வைத்த கரண்டியை அவர்கள் குழம்பில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை சேர்த்த கேக்குக்குப் பதில் அவர்களுக்கு முந்திரிக்கொத்து கொடுக்கலாம்.

26ஆம் தேதி கடற்கரைக்குப் போவதென்று திட்டமிட்டால் முதலில் ஊர்க்காரர்களைக் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல், மணக்குடி போன்ற ஊர்கள் பலரை இழந்தன. அங்கே அந்த நாள் நினைவுத் திருப்பலியும் கல்லறையில் மெழுகுவர்த்தியுமாகக் கழிகிறது. பலூனும் சத்தமுமாகப் பிள்ளைக் கூட்டத்தை அங்கே இறக்குவது அழகல்ல. விவரம் புரியும் வயதுப் பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொல்லி, கல்லறைக்கே கூட்டிப்போகலாம்.

கடைசியாக டிக்கெட். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்னால்தான் திறக்கிறது. டிசம்பர் 24 பயணத்துக்கு அக்டோபர் 25, ஜனவரி 1 திரும்புவதற்கு நவம்பர் 2. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். படுக்கை வேண்டாமென்றால் பாதி. இரண்டு பிள்ளைகளை ஒரே படுக்கையில் நெருக்கிப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று நினைப்பவர்கள், 24ஆம் தேதி மதியத் தூக்கத்தைப் பற்றி மேலே எழுதியதை இன்னொரு முறை படித்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். திரும்பும் தேதியைப் பிள்ளைகளிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். விளையாட்டின் நடுவில் ஆட்டோவை வரவழைத்து ஏற்றினால் ரயில் நிலையம் வரை அழுகைதான்.