கிட்டுக்கு ஓர் எஸ்எஸ்எச் கணக்கே போதும்

கிட் என்பது நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கருவி. அதைக் கொண்டு நான்கைந்து பேர் சேர்ந்து நிரல் எழுத, நிரல்களை இணையத்தில் வைத்துப் பகிர உதவும் கிட்ஹப் போன்ற தளம் கட்டாயமில்லை. எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழையக்கூடிய ஒரு லினக்ஸ் கணினி போதும். அதில் அனைவரையும் ஒரே பயனர் குழுவில் சேர்த்து, அந்தக் குழுவுக்கு உரிய கோப்புறையில் 'கிட் இனிட்' கட்டளையை 'பேர்' (bare: வேலைக் கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும்), 'ஷேர்டு' (shared: குழுவினர் அனைவரும் எழுதலாம்) ஆகிய தெரிவுகளுடன் ஒருமுறை இயக்குங்கள்; பொதுவான களஞ்சியம் உருவாகிவிடும். பிறகு அந்த முகவரியைத் தங்கள் கணினியில் ரிமோட்டாக (தொலைவிலுள்ள களஞ்சியமாக)ச் சேர்த்துக்கொண்டு எல்லோரும் வழக்கம்போல் புஷ் (மாற்றங்களை அனுப்புதல்), புல் (பிறர் மாற்றங்களைப் பெறுதல்) செய்யலாம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் கிட்டை எழுதியபோதே அது மையம் தேவைப்படாத கருவிதான். கிட்ஹப் 2008இல்தான் வந்தது. முழு வரலாறும் ஒவ்வொருவரின் கணினியிலும் இருப்பதால், சர்வர் என்பது வெறும் சந்திப்பு இடம். 'பேர்' என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள் (பலரும் சறுக்குவது இங்கேதான்): சாதாரணக் களஞ்சியமாக இருந்தால், அங்கே செக்அவுட் ஆகியிருக்கும் (வேலைக் கோப்புகளாகத் திறந்திருக்கும்) கிளைக்கு வரும் புஷ்ஷைக் கிட் மறுத்துவிடும்.

முன்பின் தெரியாதவர்களும் பங்களிக்கும் திட்டத்துக்கு இது உதவாது. பிழைப் பட்டியல், இணையப் பக்கத்திலேயே நிரல் மறுஆய்வு ஆகியவை வேண்டுமென்றாலும் அப்படியே. அதற்கு ஃபோர்ஜேயோ என்ற கட்டற்ற மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவலாம். ஆனால் அதைப் புதுப்பித்துப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும்.