சேலத்தில் துப்பறியும் நிறுவனம் தொடங்குவது: பதிவும் பின்தொடர்தலும்

துப்பறியும் நிறுவனம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, லைசென்ஸ் எந்த அலுவலகத்தில் வாங்க வேண்டும் என்பதைத்தான். மாநகரக் காவல் ஆணையர் அலுவலகமா, கலெக்டர் அலுவலகமா என்று அலைந்துவிட்டு வருபவர்களும் உண்டு. இந்தியாவில் தனியார் துப்பறிவாளர்களுக்கென்று தனி உரிமம் கிடையாது. 2007-ல் தனியார் துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது, அது சட்டமாகவில்லை. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் உரிமம் காவலாளிகளை வேலைக்கு அனுப்பும் நிறுவனங்களுக்கானது. அதை வாங்கி ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டு "அரசு அங்கீகாரம் பெற்ற துப்பறியும் நிறுவனம்" என்று பலகை வைப்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும்.

வெளிநாடுகளில் நிலைமை வேறு. கலிஃபோர்னியாவில் உரிமத் தேர்வு எழுதவே பொதுவாக மூன்று ஆண்டுகளில் 6,000 மணி நேரப் பணி அனுபவம் காட்ட வேண்டும். சிங்கப்பூரில் காவல்துறையின் உரிமம் இல்லாமல் இத்தொழிலைச் செய்யவே முடியாது. அங்கே உரிமம் போடும் கட்டுப்பாடுகளை இங்கே நாமே நமக்குப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. போடாதவர்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்பதற்கு 2018-ல் மும்பை அருகேயுள்ள தானே நகரின் காவல்துறை தொடுத்த வழக்கே போதும்: செல்போன் அழைப்புப் பதிவுகளைச் சட்டவிரோதமாக வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் வரிசையாகக் கைதானார்கள்.

தொழிலைப் பதிவு செய்வது

இந்தப் பகுதி எளிது. தனிநபர் நிறுவனமாகவோ, கூட்டாண்மையாகவோ, பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவோ தொடங்கலாம். பான் கார்டு, நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்கு, சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, மாநகராட்சிக்குக் கட்டும் தொழில் வரி ஆகியவற்றை முதல் மாதத்திலேயே முடித்துவிடுவது நல்லது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். விசாரணைச் சேவைக்கு வரி 18 சதவீதம். பெயர் வைக்கும்போது மட்டும் கவனம் தேவை. அசோகச் சக்கரம், நான்கு சிங்கம், மத்தியப் புலனாய்வு என்று தொனிக்கும் எழுத்துகள் ஆகியவற்றை விசிட்டிங் கார்டில் அச்சடித்தால், அரசுச் சின்னங்களையும் பெயர்களையும் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டங்களில் சிக்க நேரிடும்.

எந்த வேலையை ஏற்பது, எதை மறுப்பது

சேலத்தில் வரும் வேலைகளில் கல்யாணத்துக்கு முந்தைய வரன் விசாரிப்பே முதலிடத்தில் இருக்கிறது. அடுத்தபடியாக விவாகரத்து வழக்குகள், விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் இன்சூரன்ஸ் வேலை, கடன் வாங்கிவிட்டு ஊர் மாறியவரின் சொத்து விவரம், செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் எடை குறைவது பற்றிய சந்தேகம் ஆகியவை வரும். வேலை எதுவாக இருந்தாலும், வந்தவர் யார், கண்காணிக்கப்படுபவருக்கும் அவருக்கும் என்ன உறவு, கிடைக்கும் தகவலை எதற்குப் பயன்படுத்தப் போகிறார் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக் கையெழுத்துப் பெறாமல் ஒரு ரூபாய் முன்பணம்கூட வாங்கக் கூடாது. அடையாள அட்டையின் நகலும் வேண்டும். பெண்ணின் அண்ணன் என்று சொல்லிக்கொண்டு வருபவர், அவள் விலக்கி வைத்த பழைய காதலனாக இருக்கலாம். வீட்டை விட்டு வெளியேறிப் பாதுகாப்பு இல்லத்தில் இருக்கும் மனைவியின் முகவரியை, அடித்துத் துரத்திய கணவரே கேட்டு வரலாம். இப்படிப்பட்ட வேலையை ஏற்றுக்கொண்டால் பின்னால் நடப்பதற்கு நீங்களும் பொறுப்பாவீர்கள். காணாமல் போனவரைத் தேடிக் கண்டுபிடித்தாலும், முகவரியை வாடிக்கையாளரிடம் கொடுக்காமல், கிடைத்தவரிடம் செய்தி சொல்லி அவருடைய சம்மதத்தைக் கேட்பதே சரியான முறை என்பது என் கருத்து.

மேசைக்கு எதிரே அமர்ந்து பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான். "தம்பி, மாப்பிள்ளைப் பையன் போனுல யாருகூடப் பேசுறான்னு மட்டும் எடுத்துக் குடுத்துருங்க, காசு எவ்வளவானாலும் பரவாயில்லீங்க" என்று ஒரு தாய் கேட்பார். அவருடைய கவலை உண்மையானது. "அம்மா, அது முடியாதுங்க, அதைச் செஞ்சா நீங்களும் நானும் சேர்ந்து ஸ்டேஷன்ல நிக்கணும்" என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். பார்க்கலாம் என்று இழுத்தால் அது சம்மதம் ஆகிவிடும். அழைப்புப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் உரையாடல், செல்போனில் ரகசியமாக ஏற்றும் உளவுச் செயலி ஆகிய நான்குமே தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலும் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் சிறைத்தண்டனைக்கு உரியவை. "எல்லா ஏஜென்சியும் செய்கிறார்களே" என்பது நீதிமன்றத்தில் செல்லாத வாதம்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவைப் புதிதாக வருபவர்கள் மனப்பாடமாகவே வைத்திருக்க வேண்டும். ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் அவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வதும், அவருடைய இணைய, மின்னஞ்சல் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் குற்றம். முதல் முறை 3 ஆண்டு வரையும், மறுமுறை 5 ஆண்டு வரையும் சிறை. குற்றத்தைக் கண்டறியும் பொறுப்பை அரசு ஒப்படைத்தவருக்கு அதில் விலக்கு உண்டு. கட்டணம் வாங்கும் துப்பறிவாளருக்கு அந்த விலக்கு கிடையாது. பெண்ணைப் பற்றிய விசாரணை என்றால் அதை வழக்கறிஞர் ஒருவர் வழியாக, நிலுவையில் உள்ள அல்லது தொடரப்போகும் வழக்கின் தேவைக்காக மட்டுமே ஏற்பதும், களத்தில் பெண் ஊழியரை வைத்துக்கொள்வதும் பாதுகாப்பானது. பிறருடைய காரில் ஜிபிஎஸ் கருவி ஒட்டுவதற்கு, அந்தக் கார் வாடிக்கையாளரின் பெயரிலேயே இருந்தாலும், நான் சம்மதிப்பதில்லை.

தெருவில் இறங்குவதற்கு முன்

பின்தொடர்தல் செலவு மிகுந்த வேலை. பாதி நேரம் அது தேவைப்படாமலே போகும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று, வருவாய்த்துறை தளத்தில் பட்டா, சிட்டா, இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரை வைத்து வழக்கு விவரம், கம்பெனி விவகாரத் துறைத் தளத்தில் இயக்குநர் பெயர்கள், ஜிஎஸ்டி எண் செயலில் இருக்கிறதா என்பது ஆகியவற்றை நாற்காலியில் இருந்தபடியே பார்த்துவிடலாம். வில்லங்கம் பார்க்க சர்வே எண்ணோ ஆவண எண்ணோ தேவைப்படும் என்பதால், "ஓமலூர் பக்கம் நிலம் இருக்காம்" என்ற தகவலை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எந்தக் கிராமம் என்பதையாவது கேட்டு வாங்க வேண்டும். வாகன எண்ணைப் பரிவாகன் தளத்தில் போட்டால் உரிமையாளர் பெயரின் சில எழுத்துகள் மறைந்தே தெரியும். அதை முழுதாக எடுத்துத் தரும் "ஆள்" யாரையும் தேடிப் போக வேண்டாம்.

வரன் விசாரிப்பில் நேரில் போய்க் கேட்பதே பலன் தரும். மாப்பிள்ளை வேலை பார்ப்பதாகச் சொல்லும் இடம், குடியிருக்கும் தெருவின் மளிகைக் கடை, இஸ்திரி வண்டிக்காரர், முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஆகியோர் சம்பந்தம் பேசுகிறோம் என்று சொன்னால் தாராளமாகப் பேசுவார்கள்; அது உண்மையும்கூட. மின்வாரியத்திலிருந்து வருகிறேன், ரேஷன் கார்டு சரிபார்க்க வருகிறேன் என்று சொல்லி நுழைவது அரசு ஊழியராக ஆள்மாறாட்டம் செய்வது. அதற்குத் தனிப் பிரிவும் 3 ஆண்டு வரை தண்டனையும் இருக்கின்றன. கேட்டறிந்ததை எழுதும்போது யார் சொன்னது, அவருக்கு அது நேரில் தெரியுமா என்பதைத் தனித்தனியாகக் குறிக்க வேண்டும், ஏனெனில் பங்காளிப் பகையில் வந்த ஒரு வாக்கியம் ஒரு கல்யாணத்தை நிறுத்திவிடும்.

நகரத்தில் பின்தொடர்தல்

ஒருவராகப் பின்தொடர்வது வீண். குறைந்தது இருவர், ஒரு பைக், ஒரு கார் இருக்க வேண்டும். சேலத்தில் டிஎன் 30, டிஎன் 54 எண்களில் ஓடும் சாதாரண நிற ஸ்கூட்டரைவிடப் பொருத்தமான வண்டி இல்லை; வெளிமாவட்ட எண் அம்மாப்பேட்டைச் சந்தில் இரண்டாம் முறை வந்தாலே திண்ணையில் இருக்கும் பாட்டி கேட்டுவிடுவார். முந்தைய நாளே இடத்தை நடந்து பார்த்து, எத்தனை வழிகள் வெளியே போகின்றன, எங்கே டீக்கடை இருக்கிறது, எங்கே கழிப்பறை இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கழிப்பறை என்றதும் சிரிக்க வேண்டாம். ஆறு மணி நேரம் காத்திருந்துவிட்டு, இரண்டு நிமிடம் இல்லாதபோது ஆளைத் தவறவிடுவது இத்தொழிலில் அன்றாடம் நடப்பது.

ஐந்து ரோட்டு ஈரடுக்கு மேம்பாலம் பின்தொடர்பவருக்கு ஒரு சோதனை. முன்னால் போகிறவர் ஏறிய தளத்தை விட்டுவிட்டு நாம் மற்றொன்றில் போய்விட்டால் அவரைத் திரும்பப் பிடிக்க வழியில்லை; ஆகவே பாலம் நெருங்கும்போது இடைவெளியைக் குறைப்பதும், கடந்ததும் கூட்டுவதும் பழக்கமாக வேண்டும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களில் நகருக்குள் வண்டி வைத்துப் பின்தொடரும் வேலையை ஏற்காமல் இருப்பதே உத்தமம். அந்த நாட்களில் நடந்தால்தான் காரியம் ஆகும். சந்தேகப்பட்டு அவர் திரும்பிப் பார்த்தால் அன்றைய வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஆளை இழந்தால் நாளை மீண்டும் தொடங்கலாம், ஆள் நம்மை அடையாளம் கண்டுவிட்டால் வழக்கே போய்விடும். அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிட்டால் ஓடக் கூடாது. நிறுவன அடையாள அட்டையையும் வாடிக்கையாளரின் பெயர் மறைத்த பணி ஆணையையும் காட்டி, என்ன செய்கிறோம் என்பதை மரியாதையாகச் சொல்ல வேண்டும்.

மலைக்குப் போகும்போது

ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து இரண்டு வழிகள் உண்டு: அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை, குப்பனூர், கொட்டச்சேடு வழியாகச் சுற்றி ஏறும் பாதை. முதல் பாதையில் நேராகப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது முட்டாள்தனம். ஒவ்வொரு வளைவிலும் மேலே திரும்புகிறவர் கீழே வருகிற வண்டியையும் அதை ஓட்டுகிறவர் முகத்தையும் பக்கவாட்டில் பார்த்துவிடுவார். மூன்றாவது வளைவுக்குள் நாம் அவருக்குப் பழக்கமான முகமாகியிருப்போம். அடிவாரத்தில் அவர் ஏறத் தொடங்கியதை ஒருவர் உறுதிசெய்ய, முன்கூட்டியே மேலே போய் ஏரிக்கரையில் அண்ணா பூங்கா அருகே காத்திருக்கும் மற்றவர் அவரை எடுத்துக்கொள்வதுதான் முறை. மலைப்பாதையில் செல்போன் சிக்னல் விட்டுவிட்டே கிடைக்கும் என்பதால், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் என்ன செய்வது என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

சனி, ஞாயிறில் பெங்களூர் எண் வண்டிகள் நிறைந்திருக்கும்போது யாரும் யாரையும் கவனிப்பதில்லை. மே மாதக் கோடை விழாவின்போது இன்னும் எளிது. செவ்வாய்க்கிழமை காலையில் அதே இடத்தில் கேமராவுடன் நிற்பவரை ஊரே பார்க்கும். பனி இறங்கும் மாதங்களில் குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் படிந்து, தேவையான படம் வெண்புகையாக வரும். பையை மூடியபடியே அரைமணி நேரம் விட்டுவைக்க வேண்டும். காப்பித் தோட்டச் சாலைகள் பெரும்பாலும் தனியார் நிலம். கேட்டைத் தாண்டினால் அத்துமீறல், அந்தி சாய்ந்தபின் காட்டெருமையும் எதிரே வரும். விடுதி அறையின் ஜன்னலுக்குள் கேமராவைத் திருப்புவது எந்த வழக்குக்காகவும் கூடாது. யார் எத்தனை மணிக்கு எந்த வாசல் வழியாக யாருடன் நுழைந்தார், எப்போது வெளியே வந்தார் என்பதைப் பொது இடத்திலிருந்து எடுத்தால் போதுமானது.

பதிவேடும் சாட்சியமும்

நீதிமன்றத்துக்குப் போவது உங்கள் திறமையல்ல, உங்கள் குறிப்பேடு. "10.42: செவ்வாய்ப்பேட்டை, நீலச் சட்டை அணிந்த ஆண், கறுப்புப் பையுடன் பட்டறையிலிருந்து வெளியே வந்தார். 10.44: ஸ்கூட்டரில் லீ பஜார் பக்கம் திரும்பினார். 10.51: பார்வையிலிருந்து மறைந்தார்." இந்த அளவுக்குமேல் எழுத வேண்டாம். "திருட்டுச் சரக்குடன் தப்பினார்" என்று எழுதினால் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியை வைத்தே முழு அறிக்கையையும் கிழித்துவிடுவார். பார்வையிலிருந்து மறைந்த நேரத்தை எழுத வெட்கப்படக் கூடாது, இடைவெளியே இல்லாத குறிப்பேட்டை எந்த நீதிபதியும் நம்பமாட்டார்.

படம் எடுத்த மெமரி கார்டை அழிக்காமல் உறையிட்டுத் தேதி போட்டு வைத்து, பிரதியில் மட்டுமே வேலை செய்ய வேண்டும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி மின்னணு ஆவணத்துடன் இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழ் தர வேண்டும்; கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீட்டை, அதில் குறிக்க வேண்டியிருப்பதால், அதைப் பதிவான அன்றே கணக்கிட்டு எழுதி வைப்பது நல்லது. மனைவியின் அழைப்புப் பதிவுகளைக் கணவர் தாக்கல் செய்ததை 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்க மறுத்தது. கணவன் மனைவிக்கு இடையிலான உரையாடலை அவர்களில் ஒருவரே ரகசியமாகப் பதிவுசெய்திருந்தால் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கூறியது. அந்தத் தீர்ப்பைக் காட்டி "இப்போது எல்லாம் செல்லும்" என்று சொல்லும் வாடிக்கையாளரிடம், அங்கே பதிவுசெய்தவர் வாழ்க்கைத் துணையே தவிர, மூன்றாம் ஆள் அல்ல என்பதை விளக்க வேண்டும்.

அறிக்கையை ஒரே பிரதியாக, வாடிக்கையாளரிடமோ அவருடைய வழக்கறிஞரிடமோ நேரில், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பதும், மீதிக் கட்டணத்தை அதற்கு முன்பே பெற்றுக்கொள்வதும் வழக்கம். "ஒன்றும் இல்லை" என்று வரும் அறிக்கைக்குப் பணம் தர மனமில்லாதவர்கள் நிறைய இருப்பதால், முடிவு எதுவானாலும் நேரத்துக்கே கட்டணம் என்ற வரியை முதல் நாள் ஒப்பந்தத்திலேயே தடித்த எழுத்தில் போட்டுவிடுங்கள். வழக்கு நடக்காத விசாரிப்புகளின் படங்களையும் குறிப்புகளையும் எத்தனை நாளில் அழிப்போம் என்பதையும் அதிலேயே எழுதி, அந்தத் தேதியில் அழித்துவிட்டு, அழித்த விவரத்தைப் பதிவேட்டில் ஒரு வரியாகக் குறித்து வையுங்கள்.