அமெலோஜெனிசிஸ்: புதிதாக வருபவர்கள் விடும் தவறுகள்

கல்முனைப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல் பார்க்கிற வேலை எனக்கு. பயிற்சிக்கு வருபவர்கள் அமெலோஜெனிசிஸ் பற்றி, அதாவது பல்லின் கெட்டியான வெளிப் படலமான மிளிரி உண்டாவதைப் பற்றி எழுதிய கொப்பியைத் திறந்தால் என் பழைய கொப்பியே திரும்பி வந்த மாதிரி இருக்கும். எழுத்துப்பிழை தானாகத் திருந்திவிடும், விடுங்கள்.

சொல்லைப் பிழையாகப் பிரிப்பது

கை கால் இல்லாமல் பிறப்பதை அமெலியா என்கிறோம். அதில் வரும் 'அ' கிரேக்கத்தில் 'இல்லை'. அந்த நினைப்பிலேயே அமெலோஜெனிசிஸையும் அ, மெலோ என்று உடைக்கிறார்கள். இங்கே 'அமெல்' ஒரே சொல். உலோகத்தின் மேல் உருக்கிப் பூசும் பளபளப்புக்குப் பழைய பிரெஞ்சு வழியாக வந்த பெயர், எனாமலுக்கும் அதுதான் வேர். 'ஜெனிசிஸ்' கிரேக்கம்: உண்டாதல். ஆக, மிளிரி உண்டாதல். மிளிரியைத் தமிழ்நாட்டில் பற்சிப்பி என்பார்கள்.

பூச்சு என்று நம்புவது

போனால் மறுபடி வந்துவிடும் பூச்சு என்று நினைக்கிறார்கள். மிளிரியைக் கட்டும் கலங்கள் பல் முளைத்ததும் அழிந்துவிடும். அதனால் போன மிளிரி மறுபடி வளராது.

கறையைக் கண்டதும் பரம்பரை என்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. வேலைக்கு வந்த புதிதில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனைத் தாய் கூட்டி வந்தார். முன்பற்களில் சுண்ணாம்புக் கோடுகள், இடையிடையே மண்ணிறப் புள்ளிகள். நான் 'அமெலோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா' (மிளிரி சரியாக உருவாகாத குறை) என்று எழுதி, பரம்பரைக் குறை என்றும் சொல்லிவிட்டேன். "எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் இப்பிடியில்லையே மிஸ்" என்று அந்த அம்மா சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை. பாற்பல் எப்படி இருந்தது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பாற்பற்கள் நன்றாகவே இருந்திருக்கின்றன; பரம்பரைக் குறையில் பொதுவாக அவையும் கெட்டிருக்கும். அவர்கள் குடித்தது ஃபுளோரைட் கூடிய குழாய்க்கிணற்றுத் தண்ணீர். எங்கள் அம்பாறை மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீட்டருக்கு 1.5 மில்லிகிராம். மிளிரி முதிரும்போது உள்ளிருக்கும் புரதம் வெளியேற வேண்டும், கூடுதல் ஃபுளோரைட் அதைத் தாமதப்படுத்தும், அப்புறம் மிளிரி நுண்துளைகளோடு நின்றுவிடும்.

அன்று அந்த அம்மாவின் மடியில் ஒரு வயதுத் தங்கச்சி இருந்தாள். முன்பல்லின் மிளிரி உருவாகும் வயது. பரம்பரைதானே என்று அவர்கள் கிணற்றை மாற்றவில்லை. ஆறு வருடம் கழித்து அவளுக்குப் புதுப்பல் முளைத்தபோது அண்ணனுக்கு இருந்த அதே கோடுகள்.

இப்போது பாற்பல், சகோதரங்கள், தண்ணீர் மூன்றையும் விசாரிக்காமல் 'இம்பெர்ஃபெக்டா' என்று எழுத நான் யாரையும் விடுவதில்லை.

கொதிக்க வைத்தால் போய்விடும் என்பது

போகாது. தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைட் இன்னும் செறிவாகும்.