டி-5 கியர்பாக்ஸில் ஐந்தாவது கியரின் விகிதத்தை மாற்றுவது எப்படி

1947-54 செவ்ரோலெட் 3100 போன்ற பழைய பிக்கப்புகளில் செவ்ரோலெட் எஸ்-10 சிறு பிக்கப்பின் டி-5 கியர்பாக்ஸை (போர்க்-வார்னர் தயாரித்த ஐந்து கியர் பெட்டி) பொருத்துவது பலரும் செய்வது. அதன் லீவர் மற்ற டி-5-களைவிட முன்னால் தள்ளியிருப்பதால் பெஞ்ச் சீட்டில் இடிக்காது. ஆனால் இந்தப் பெட்டிகளில் ஐந்தாவது கியர் பெரும்பாலும் 0.86 அல்லது 0.7-ஐ ஒட்டித்தான் வரும். அது உங்கள் ஆக்ஸிலுக்கு ஒத்துவராவிட்டால் பெட்டியையே மாற்ற வேண்டியதில்லை. டி-5-இல் ஓவர்டிரைவ் (எஞ்சினைவிட அவுட்புட் ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் ஐந்தாவது கியர்) பற்சக்கரங்கள் இரண்டும் பின்னால் டெயில் ஹவுசிங்குக்குள் இருக்கின்றன. முதல் நான்கு கியர்களைத் தொடாமலே அவற்றை மாற்றலாம்.

முதலில் ஆக்ஸில்

அந்தக் கால 3100-இல் டார்க் டியூப்பும் (புரொப்பல்லர் ஷாஃப்ட்டை மூடியிருக்கும் குழாய்) 4.11 ஆக்ஸிலும் இருந்தன. டி-5 போட்டவர் டார்க் டியூப்பை எடுத்துவிட்டுப் பெரும்பாலும் ஆக்ஸிலையும் மாற்றியிருப்பார். அதனால் ஏட்டில் இருப்பதை நம்பாமல் அளந்துவிடுங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். அதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றும்போது புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ஆக்ஸில் விகிதம். சாதாரண டிஃபரன்ஷியலுக்கு மட்டுமே இந்த முறை பொருந்தும்.

28 அங்குல டயர் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 746 முறை சுற்றும். 4.11 ஆக்ஸிலோடு நேர் கியரில் (1.00 விகிதம்) எஞ்சின் 3,066 ஆர்.பி.எம்.; 0.86-இல் 2,637, 0.72-இல் 2,208, 0.63-இல் 1,932. ஆக்ஸில் 3.08 என்றால் 0.86-லேயே 1,976 வந்துவிடும். அங்கே 0.72 போட்டால் 1,654-க்கு இறங்கும். பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின் சிறு மேட்டில்கூட முக்கும், நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் மாறி மாறிப் போட்டுக்கொண்டிருக்க நேரும். 2,000-க்கும் 2,300-க்கும் இடையில் நிற்கும்படி தேர்ந்தெடுப்பதே நல்லது. 0.63 பார்க்க ஆசையாக இருக்கும். பெரிய வி-8 இல்லாவிட்டால் வேண்டாம்.

பல்லை எண்ணாமல் வாங்காதீர்கள்

"0.72 செட்" என்று விற்பது உங்கள் பெட்டியில் 0.72 தராமல் போகலாம். ஐந்தாவது கியருக்கும் சக்தி இன்புட் ஷாஃப்ட்டிலிருந்து கவுண்டர் ஷாஃப்ட் (மெயின் ஷாஃப்ட்டுக்கு இணையாக ஓடும் துணைத் தண்டு) வழியாகத்தான் வருகிறது. அதனால் முன்னால் உள்ள ஜோடியின் விகிதமும் இதில் பெருகும். ஒரு கணக்கு: இன்புட்டில் 21 பல், அதோடு சேரும் கவுண்டர் கியரில் 36 பல் என்றால் 1.714. பின்னால் மெயின் ஷாஃப்ட்டில் 26, கவுண்டரில் 52 என்றால் 0.5. இரண்டையும் பெருக்கினால் 0.857. அதே பெட்டியில் மெயினில் 24, கவுண்டரில் 54 போட்டால் 0.762. முதல் கியர் விகிதம் வேறான பெட்டியில் இதே செட் வேறு எண்ணைத் தரும்.

சக்கரங்களை ஜோடியாகவே வாங்குங்கள். ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்றால் ஊளையிடும். பெட்டி வேர்ல்ட் கிளாஸா (டி-5-இன் பிந்தைய வகை) இல்லையா என்றும் பாருங்கள்: முன்பக்கம் கவுண்டர் ஷாஃப்ட் இருக்கும் இடத்தில் பேரிங் கப் வெளியே தெரிந்தால் வேர்ல்ட் கிளாஸ், மூடி அடைத்திருந்தால் பழைய வகை. டெயில் ஹவுசிங் போல்ட்டில் 1352 என்று தொடங்கும் தகடு இருந்தால் அந்த எண்ணைச் சொல்லி வாங்குங்கள். உள்துளையும் சின்க்ரோ கோனும் (கியர் மாறும்போது வேகத்தை ஒத்திசைக்கும் சின்க்ரோ உரசும் கூம்பு) பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

கழற்றுதல்

ஆயிலை வடித்து, பெட்டியை இறக்கி, நியூட்ரலில் வையுங்கள். லீவரையும் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியரையும் எடுங்கள். ஷிஃப்ட் ரெயிலின் பின்முனையில் உள்ள ஆஃப்செட் லீவரின் ரோல் பின்னைத் தட்டி எடுத்துவிட்டு, ஹவுசிங்கை லீவரோடு சேர்த்தே பின்னால் இழுங்கள். லீவரை இடத்தில் நிறுத்தும் டீடென்ட் குண்டும் ஸ்பிரிங்கும் தெறித்துவிழும். கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள்.

கவுண்டர் ஷாஃப்ட் முனையில் பிளாஸ்டிக் ஆயில் புனல் ஒன்று இருக்கும். பத்திரம். ஐந்தாவது கியருக்கு ஆயில் போகும் வழி அதுதான்; அதை உடைத்தாலோ மறந்தாலோ கியர் எரிந்துபோகும். ஐந்தாவது கியரின் ஃபோர்க்கில் (ஸ்லீவை நகர்த்தும் கவை) உள்ள ரோல் பின்னைத் தட்டும்போது ரெயிலுக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள், இல்லையென்றால் ரெயில் வளையும். ஹப்பிலும் ஸ்லீவிலும் அடையாளக் கோடு போட்டு, லாக்கை (பிடிப்பு வளையம்) எடுத்து, சின்க்ரோவையும் ஃபோர்க்கையும் ஒன்றாக உருவினால் பெரிய சக்கரம் தானாக வரும்.

மெயின் ஷாஃப்ட்டில் உள்ள சின்ன சக்கரம் இறுக்கமாகப் பதிந்தது. ஸ்பீடோ டிரைவ் கியரையும் லாக்கையும் எடுத்தபின் நீளக் கால் புல்லர் போட்டு இழுங்கள். சுத்தியல் வேண்டாம். அடியெல்லாம் டேப்பர் பேரிங்கில்தான் இறங்கும்.

பூட்டுதல்

புதிய சின்ன சக்கரத்தை மின் ஓவனில் 120 டிகிரி வரை சூடாக்கி ஒரே மூச்சில் தள்ளுங்கள். கேஸ் நெருப்பு பல்லின் கடினத்தைக் கெடுத்துவிடும். பழைய லாக்குகளைத் திரும்பப் போடாதீர்கள். முன்பக்க பேரிங் ரிட்டெய்னரைத் தொடவே வேண்டாம். அங்குள்ள ஷிம்கள்தான் ஷாஃப்ட்டின் ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன.

ஹவுசிங்கை சிலிக்கான் பூசி மூடுவதற்கு முன், கையால் சுற்றிக்கொண்டே ஐந்தாவதையும் ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். ஐந்தாவது பாதியில் நின்றால் சின்க்ரோ தலைகீழாகவோ ஃபோர்க் திரும்பியோ இருக்கும்.

வேர்ல்ட் கிளாஸ் பெட்டிக்கு டெக்ஸ்ரான் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) மட்டுமே. பழைய வகைக்குத் தயாரிப்பாளர் சொன்ன ஆயில். நிரப்பும் துளையில் வழியும் வரை, ஏறக்குறைய 2.7 லிட்டர் பிடிக்கும். ஸ்பீடோமீட்டர் அவுட்புட் ஷாஃப்ட்டிலிருந்து ஓடுவதால் அதில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.