பூட்டிய ஸ்டோர் ரூமில் என்ன நடக்கிறது? முகாம் சாமான்களைப் பராமரிக்கவும் மாற்றவும் ஒரு வழிமுறை

முகாமுக்கு வருகிறவர்கள் உடைப்பதைவிட, முகாம் முடிந்து ஸ்டோர் ரூமைப் பூட்டிய பிறகு சத்தமில்லாமல் வீணாகும் சாமான்கள்தான் அதிகம். முகாம் சாமான்களுக்குப் பொறுப்பேற்ற முதல் ஆண்டே எனக்கு இது புரிந்துவிட்டது. முகாம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது கூடாரங்களைப் பிரித்தேன். எதிலும் ஒரு கிழிசல்கூட இல்லை. ஆனால் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, வாந்தி நாற்றம் அடித்தது. துணியின் உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் சிதைந்தால் அப்படித்தான் ஆகும். கழுவினாலும் சரியாகாது. ஈரத்தோடு மடித்து வைத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

படி 1: எண்ணும் நோட்டும்

ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் எண் கொடுங்கள். நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே தயாரித்த தேதி, வாங்கிய தேதி, கடைசியாகப் பார்த்த தேதி, செய்த வேலை ஆகியவற்றை எழுதுங்கள். தயாரித்த தேதியைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கயிறு, ஹெல்மெட் போன்றவற்றின் ஆயுளைப் பல நிறுவனங்கள் அந்த நாளிலிருந்துதான் கணக்கிடுகின்றன. கயிறு, ஹெல்மெட்டில் நேரடியாக எழுதாதீர்கள். மையும் பசையும் சிலவற்றைப் பாதிக்கும். எண் எழுதிய சீட்டை ஒரு வளையத்தில் கோத்து மாட்டினால் போதும்.

படி 2: இரண்டு குவியல்

உயிர் நம்பியிருக்கும் சாமான்கள் ஒரு பக்கம்: ஏறும் கயிறு, அதோடு உடம்பைப் பிணைக்கும் இடுப்புப் பட்டை (ஹார்னஸ்), ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், கேஸ் குழாய், தீயணைப்பான், புகை அலாரம். கட்டில், மெத்தை, கூடாரம், பாத்திரம் எல்லாம் மறுபக்கம்.

இரண்டாம் குவியலில் செலவுக் கணக்குப் பார்க்கலாம். பழுதுபார்க்கும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதாக வாங்கிவிடுவது என் வழக்கம். முதல் குவியலில் அந்தக் கணக்கே கிடையாது. சந்தேகம் வந்தால் அன்றே அதை எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். "இந்த ஒரு முகாம் மட்டும் ஓட்டிவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள்.

படி 3: மூடும் வேலை

அவசரம் வேண்டாத படி இது. எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வருவதால், அவசரமாக நடப்பதும் இதுதான்.

கூடாரத்தை வெறும் தண்ணீரிலோ மென்மையான சோப்பிலோ பஞ்சால் துடைத்து, நிழலில் முழுதாகக் காய விடுங்கள். வாஷிங் மெஷின் வேண்டாம். வெயிலில் நாள்கணக்கில் விட்டாலும் நைலானின் வலு குறையும். தையலும் மூலையும்தான் கடைசியில் காயும். அங்கே தொட்டுப் பார்த்த பிறகே மடியுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். அதன் மேல் எதையும் அடுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் நுரை அமுங்கினால் மிதக்கும் திறன் போய்விடும். விரலால் அழுத்தி விட்டதும் நுரை மீண்டும் எழ வேண்டும். எழாவிட்டால் அது இனி உதவாது. (முகாமில் இதைத் தலையணையாகப் போட்டுத் தூங்குகிறவர் ஒருவராவது இருப்பார்.)

கயிற்றை முழு நீளமும் விரல்களுக்கிடையே ஓடவிட்டுத் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் திடீரென்று மெலிந்தோ, புடைத்தோ, விறைத்தோ இருந்தால் அந்தக் கயிறு வேண்டாம். பார்த்து முடித்ததை எங்கே வைக்கிறீர்கள் என்பது இன்னும் முக்கியம். ஜெனரேட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் கயிற்றை வைக்கவே கூடாது. அமில ஆவி நைலானை அரித்துவிடும், வெளியே ஒரு தடயமும் தெரியாது. பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும், பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கயிற்றுக்குச் சொல்லும் உச்ச வரம்பு 10 ஆண்டுகள்தான்.

மற்றவை சட்டென்று முடிந்துவிடும். டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றுங்கள், கசிந்தால் டார்ச்சும் சேர்ந்து போகும். ஃபிரிட்ஜைத் துடைத்துக் கதவைத் திறந்தே வையுங்கள். மெத்தைகளுக்கிடையே காற்றுப் புக இடம் விடுங்கள்.

படி 4: மாதம் ஒரு சுற்று

முகாம் மூடியிருந்தாலும் மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். தீயணைப்பானின் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா, பாதுகாப்பு ஊசி (பின்) அதன் இடத்தில் இருக்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா? புகை அலாரத்தின் பொத்தானை அழுத்துங்கள். அது கத்தினாலும் 10 ஆண்டு ஆகியிருந்தால் மாற்றிவிட வேண்டும். ஜெனரேட்டரைத் திறந்த வெளியில் வைத்து, விளக்கோ மோட்டாரோ இணைத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். சும்மா ஓட்டுவது போதாது. மாதாமாதம் போக முடியாதென்றால், முன்பே பெட்ரோலை வடித்து, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓட்டி நிறுத்துங்கள். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடுங்கள்.

படி 5: திறக்கும் வாரம்

முதலில் தண்ணீர். தேங்கிய குழாய்களில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். ஷவர் தூவலை மூச்சில் இழுத்தால் அது நுரையீரலைத் தாக்கும். அதனால் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, தண்ணீர் தெறிக்காமல் எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். வெந்நீர்த் தொட்டி 60 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும்.

அப்புறம் சமையலறை. கேஸ் குழாயில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள், இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி வைத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அவர்களைச் சமையலறைக்கு வெளியே நிறுத்துங்கள். ஃபிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள், 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. அடுக்குக் கட்டில்களின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கி, ஏணியில் ஏறிக் குலுக்கிப் பாருங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை இப்போது தண்ணீரிலும் சோதிக்க வேண்டும். பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் அணிந்து காலைத் தூக்குங்கள். முகவாய் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும்.

படி 6: கழிப்பது

ஒதுக்கிய சாமானை மூலையில் போட்டு வைத்தால், அடுத்த பருவத்தில் யாராவது தூசி தட்டி எடுத்து வருவார்கள். கயிற்றைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுங்கள். லைஃப் ஜாக்கெட்டையும் ஹெல்மெட்டையும் பட்டையை அறுத்த பிறகே குப்பையில் போடுங்கள். நோட்டில் அந்த எண்ணைச் சிவப்பு மையால் அடித்து, தேதியும் காரணமும் எழுதுங்கள். புதிதாக வாங்கும் சாமானுக்கு அந்தப் பழைய எண்ணைக் கொடுக்காதீர்கள்.