ஆங்கில வகுப்பில் பார்வை மாற்றுத்திறனாளி மாணவரின் பதற்றத்தைக் குறைப்பது எப்படி?

தமிழ்வழியில் படித்துவிட்டுச் சென்னைக் கல்லூரி ஒன்றில் சேரும் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர், ஆங்கில வகுப்பில் வாய் திறக்கத் தயங்கினால், அவருக்குத் தன்னம்பிக்கை போதவில்லை என்று ஆசிரியர் முடிவுகட்டிவிடக் கூடாது. பிறமொழி வகுப்பில் எழும் பதற்றத்தை அளக்க ஹார்விட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1986-இல் வெளியிட்ட 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல், பேசவும் தேர்வெழுதவும் பிறரின் மதிப்பீட்டுக்கு ஆளாகவும் அஞ்சுவதைக் கருத்தில் கொள்கிறது. பார்வையற்ற மாணவருக்கு, மற்றவர் கையில் இருக்கும் பாடம் தம் கைக்கு வரவில்லையே என்ற கவலையும் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

ஆகவே அறிவுரைக்கு முன்னால் பாடத்தைக் கொடுங்கள். கணினித் திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள், புகைப்படமாக எடுத்த பக்கங்களை நேரடியாக வாசிக்காது என்பதால், தட்டச்சு செய்த யூனிகோடு கோப்பாக, வகுப்புக்குச் சில நாள்கள் முன்பே அனுப்புங்கள். என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், புடைத்த புள்ளிகளை விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் முறைக்கான பிரிவையும் மாணவருக்குச் சொல்லுங்கள்.

கேட்டு மட்டுமே ஆங்கிலம் பழகியவருக்கு எழுத்துக்கூட்டல் பிடிபடுவது கடினம். புதிய சொற்களைத் திரைவாசிப்பானில் அம்புக்குறி விசையால் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்கப் பழக்குங்கள். பிரெயிலில் படிப்பவரிடம், சொற்களைச் சுருக்கி எழுதும் ஆங்கிலப் பிரெயில் தெரியுமா என்று முதலிலேயே தனியாகக் கேட்டுவிடுங்கள். அதில் ஒற்றை எழுத்தே ஒரு முழுச் சொல்லாக நிற்பதுண்டு. அதே ஆறு புள்ளிகளைக் கொண்டு தமிழ் படித்த விரல்களுக்கு இது பழகச் சற்றுக் காலம் பிடிக்கும்.

வகுப்பில் நீங்கள் கவனிக்க வேண்டியது உங்கள் மௌனத்தை. மாணவர் பதில் சொல்லும்போது நீங்கள் தலையசைப்பதும் புன்னகைப்பதும் அவரை எட்டுவதில்லை. எவரும் எதுவும் சொல்லாத அந்தச் சில நொடிகளில், தாம் தவறாகப் பேசிவிட்டதாகவே அவர் எண்ணக்கூடும். பெயரைச் சொல்லி அழைத்த பிறகே கேள்வியைக் கேளுங்கள். பதில் முடிந்ததும் சரியா, திருத்தம் உண்டா என்பதை வாயால் சொல்லுங்கள். திருத்துவதற்காக நடுவில் குறுக்கிடாதீர்கள். கரும்பலகையில் எழுதுவதை உரக்கப் படியுங்கள். பின்னாலிருந்து எவரேனும் சிரித்தால், அது எதற்கென்று உடனே தெளிவுபடுத்துங்கள். காரணம் தெரியாத சிரிப்பைத் தம்மை நோக்கியதாக எடுத்துக்கொள்வது இயல்பு.

தேர்வுக்குக் கூடுதல் நேரம் பெற்றுத்தருவது உங்கள் பொறுப்பு. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் மணிக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாமல் தரச் சொல்லின. தேர்வில் மாணவர் சொல்லச் சொல்ல அவருக்காக விடை எழுதுபவர் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மாதிரித் தேர்விலேயே இருவரையும் ஒன்றாக அமர்த்தி, நிறுத்தக்குறிகளையும் ஐயமுள்ள சொற்களின் எழுத்துகளையும் மாணவர் சொல்லிச் சொல்லி எழுத வைக்கவும், எழுதியதை மறுபடி படித்துக்காட்டச் சொல்லிக் கேட்கவும் பழக்கிவிடுங்கள்.